பிறந்தபோது எத்தனை கிலோ?

அரசு மருத்துவமனைச் செவிலியருக்கு மாறுதல் ஆணை வந்தால் ஊர் மாறும். சில சமயம் மாடி மட்டும் மாறும். எனக்கு மாடி மாறியது. வேலைக்காலத்தில் பாதியைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவிலேயே கழித்துவிட்ட பிறகு, டயாலிசிஸ் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்த கை, டயாலிசிஸுக்காக நோயாளியின் கையில் அமைத்த ஃபிஸ்டுலா ரத்தக்குழாயில் ஊசி போடப் பழகிக்கொண்டது. இரண்டு இடத்துக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. எடை போடுவது. கீழே, நேற்றைக்கு இன்றைக்கு எத்தனை கிராம் ஏறியிருக்கிறது என்று பார்ப்போம். மேலே, போன டயாலிசிஸுக்கும் இந்த டயாலிசிஸுக்கும் நடுவில் எத்தனை கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பார்ப்போம்.

நான் நர்சிங் படித்த காலத்தில் எடை குறைந்த குழந்தை என்றால் மூன்றே கவலைதான்: உடம்பு சில்லிடக்கூடாது, சர்க்கரை இறங்கக்கூடாது, கிருமி தொற்றக்கூடாது. இந்த மூன்றையும் தாண்டிவிட்டால் டிஸ்சார்ஜ். அம்மா முந்தானையில் சுற்றிக்கொண்டு போவாள், வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வருவோம். அந்தப் பிள்ளை முப்பது வயதில் எப்படி இருக்கும் என்று கேட்க எங்களுக்கு நேரமும் இல்லை, தோன்றவும் இல்லை. மாடி மாறிய பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

டயாலிசிஸ் பிரிவில் பாதிப் பேருக்காவது காரணம் தெரியும். சர்க்கரை, கல், ஏதோ ஒரு நோய்க்கு வருடக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரை. மீதிப் பேரில் ஒரு கூட்டம் உண்டு. இளவயதுக்காரர்கள். தலைவலி என்றோ மூச்சு வாங்குகிறது என்றோ வந்திருப்பார்கள். பிரஷர் பார்த்தால் 200-ஐத் தொட்டு நிற்கும். ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சுருங்கிப் போயிருக்கும். சுருங்கிய பிறகு எதனால் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பயாப்சி எடுத்தாலும் தழும்புதான் தெரியும்.

அப்படி வந்தவர்களில் வேன் ஓட்டும் தம்பி ஒருவர் இருந்தார். சர்க்கரை இல்லை, குடி இல்லை, குடும்பத்தில் யாருக்கும் கிட்னிக் கோளாறு இல்லை. நான்கு மணி நேரமும் அவருடைய அம்மா வெளியே தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கேட்டேன். "அம்மா, தம்பி பிறந்தப்ப எடை எவ்வளவு இருந்துச்சு?"

"எடையா? அதெல்லாம் யாரு கண்டா சிஸ்டர்! வீட்லதான் பொறந்தான். துணியைச் சுத்தி முறத்துல போட்டு வச்சிருந்தோம். இது தங்காதுன்னுட்டு எங்க மாமியா ரெண்டு நாளு மூஞ்சிகூடப் பாக்கல."

"மாசம் நிறைஞ்சுதான் பிறந்தாரா?"

"பத்து மாசம் முழுசா சுமந்தேன். எனக்குத்தான் கால் வீங்கி, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு."

மாதம் நிறைந்து, முறத்தில் போட்டு வைக்கிற அளவுக்குச் சின்னக் குழந்தை. அம்மாவுக்குக் கால் வீக்கம், கண் இருட்டல். பிரசவ வார்டில் வேலை பார்த்த யாருக்கும் இந்த இரண்டு வாக்கியம் போதும். கர்ப்பகால ரத்தக் கொதிப்பு. அதனால்தான் அந்தத் தம்பியின் சிறுநீரகம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு தனி மனிதரைக் காட்டி அப்படிச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஆனால் அவருடைய கேஸ் ஷீட்டில் புகை, மது, சர்க்கரை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பிறந்த எடைக்கு இடம் இல்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். எங்களுக்கு அப்படி இல்லை. மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்குத் தோல் மெல்லியதாக இருக்கும், உள்ளே நரம்பு தெரியும், காது மடலை மடக்கினால் மடங்கியபடியே கிடக்கும். பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். வயிற்றிலேயே வளர்ச்சி தடைபட்டுப் பிறந்த குழந்தையை, டாக்டர்கள் 'ஐயூஜிஆர் பேபி' என்பார்கள், வார்மரில் படுக்க வைத்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். உடம்புக்குத் தலை பெரிதாகத் தெரியும். தொடையிலும் பிட்டத்திலும் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். நெற்றியில் சுருக்கம் விழுந்திருக்கும். உள்ளங்கை வறண்டு உரியும். கண்ணை அகல விழித்துச் சுற்றிலும் பார்க்கும். பசி தாங்காது. குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 40-க்குக் கீழே இறங்கியிருக்கும்.

தலை மட்டும் ஏன் பெரிதாகத் தெரிகிறது? நஞ்சு (பிளசென்டா) வழியாக வரும் ரத்தம் போதாதபோது, வயிற்றிலிருக்கும் பிள்ளை இருப்பதைப் பங்கு போடுகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் முதல் பந்தி. குடலுக்கும் கைகாலுக்கும் சிறுநீரகத்துக்கும் மிச்சம். ஸ்கேன் அறையில் டாப்ளர் வைத்துக் கேட்பது இந்தக் கதையைத்தான். தொப்புள்கொடியில் ரத்தம் இதயம் துடிக்கும்போது மட்டும் இல்லாமல் இரண்டு துடிப்புக்கு நடுவிலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நஞ்சில் தடை கூடக்கூட அந்த நடு ஓட்டம் மெலியும், பிறகு நின்றுபோகும், கடைசியில் பின்னோக்கிப் பாயும். அந்த ரிப்போர்ட் வந்துவிட்டால் சிசேரியனுக்கு ஆயத்தம் தொடங்கிவிடும். எங்களுக்கும் போன் வரும்: "வார்மர் ரெடியா?"

கர்ப்பிணிகள் வாயில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம் உண்டு. "தண்ணி கம்மியா இருக்காம் சிஸ்டர், நெறைய தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க." வயிற்றில் இருக்கும் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பலருக்கும் தெரியாது. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பங்கு பிள்ளை கழிக்கும் சிறுநீர்தான். பனிக்குடம் கசிந்தாலும் நீர் குறையும், வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு நீர் குறைகிறது என்றால், அதன் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். பிறக்கும் முன்பே அந்தச் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வரி எழுதப்பட்டுவிட்டது. அந்த வரியை யாரும் பிறகு எடுத்துப் படிப்பதில்லை.

சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டும் நுண் அலகுகளுக்கு நெஃப்ரான் என்று பெயர். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 லட்சம் அளவுக்கு இருக்கும். இது சராசரிதான். சிலருக்கு 2 லட்சத்துச் சொச்சம், சிலருக்கு 20 லட்சம். இவை அத்தனையும் தாய் வயிற்றிலேயே உருவாகின்றன. பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில். 36-வது வாரத்தோடு கணக்கு முடிந்துவிடும். மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு ஒரு நெஃப்ரான்கூடக் கூடாது. அமெரிக்காவில் பிரேதப் பரிசோதனைகளில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பிறந்த எடை ஒரு கிலோ கூடினால் ஒரு சிறுநீரகத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் நெஃப்ரான் கூடுதலாக இருக்கிறது.

குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பது செவிலியருக்குச் சொல்லாமலே புரியும். நான்கு சிஸ்டர் பார்க்க வேண்டிய வார்டை இரவுப் பணியில் இரண்டு பேர் பார்ப்பதுதான். காலை வரை எல்லா ஊசியும் நேரத்துக்குப் போடப்பட்டிருக்கும், பதிவேட்டில் ஒரு குறையும் தெரியாது. வருடக்கணக்கில் அப்படியே ஓட்டினால் அந்த இருவரில் ஒருவர் படுத்துவிடுவார். பிறகு எல்லாம் இன்னொருவர் தலையில். நெஃப்ரான்களும் அப்படித்தான். இருக்கிற கொஞ்சம் நெஃப்ரான் பருத்து, கூடுதல் அழுத்தத்தில் வடிகட்டுகின்றன. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை நார்மலாகவே காட்டும். மெல்ல மெல்லத் தழும்பாகும்போது முதலில் சிறுநீரில் புரதம் கசியும், ரத்தக் கொதிப்பு ஏறும். ஏறிய கொதிப்பு மீதி நெஃப்ரான்களையும் கெடுக்கும். பாரி பிரென்னர் என்ற அமெரிக்கச் சிறுநீரக மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1988-ல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். 2003-ல் ஜெர்மனியில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எண்ணினார்கள். ரத்தக் கொதிப்பு இருந்த 10 பேருக்குச் சுமார் ஏழு லட்சம், இல்லாத 10 பேருக்குப் பதினான்கு லட்சம். சரிபாதி.

இதயத்தின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வயிற்றில் பிள்ளையின் இதயம் நஞ்சின் தடையை எதிர்த்து அடித்துக்கொண்டே இருப்பதால் உருண்டை வடிவாகிவிடுகிறது. பார்சிலோனாவில் இப்படி வளர்ச்சி தடைபட்டுப் பிறந்த பிள்ளைகளை ஐந்து வயது வாக்கில் எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. இதயம் உருண்டையாகவே இருந்தது. ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் குறைவு, அதை ஈடுகட்டத் துடிப்பு அதிகம். பிரஷரும் சற்றுக் கூடுதல், ரத்தக்குழாய்ச் சுவரும் தடிப்பு. இதயத் தசைச் செல்களும் நெஃப்ரான் ரகம்தான். பிறந்த சிறிது காலத்தில் பெருகுவது ஏறக்குறைய நின்றுவிடும். பெரிய ரத்தக்குழாய்களுக்கு மீள்தன்மை தரும் இலாஸ்டின் என்ற பொருளும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிறந்த கொஞ்ச காலத்துக்கும்தான் படிகிறது. இத்தனைக்கும் பார்சிலோனாவில் எக்கோ எடுத்தது ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு, பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இந்த அறிவு முழுவதும் எங்கிருந்து தொடங்கியது என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு நர்ஸ் பேரேட்டிலிருந்து! இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற தலைமைச் சுகாதாரச் செவிலியர் இருந்தார். 1911-லிருந்து அவருடைய மேற்பார்வையில் மாவட்டத்தில் பிறக்கும் குழந்தைகளின் எடை பதியப்பட்டது. மருத்துவச்சி பிறந்த எடையைக் குறித்துத் தருவார். சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்ப்பாலா புட்டிப்பாலா, ஒரு வயதில் எடை எவ்வளவு, பல் எத்தனை முளைத்திருக்கிறது என்று எழுதினார்கள். எதற்கு இதெல்லாம் என்று அன்றைக்கும் யாராவது முணுமுணுத்திருப்பார்கள். எழுபது வருடம் கழித்து சவுத்தாம்ப்டனில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்தப் பேரேடுகளைத் தேடிப் பிடித்தார். அதில் இருந்த ஆண்கள் 5,654 பேர் என்ன ஆனார்கள் என்று பின்தொடர்ந்தார். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்களே மாரடைப்பில் அதிகம் செத்திருந்தார்கள். 1989-ல் அது வெளியானது. ஏழைத் தாய்க்குச் சின்னப் பிள்ளை, அந்தப் பிள்ளை வளர்ந்தும் ஏழை, அதனால் வந்த நோய் இது என்று பலரும் மறுத்தார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் பிறகு நாடு நாடாகப் பதிவேடுகள் அதையே சொல்லின.

நார்வேயில் 1967 முதல் எல்லாப் பிறப்பும் மருத்துவப் பதிவேட்டில் ஏறுகிறது. அதையும் சிறுநீரக நோயாளிகள் பட்டியலையும் ஒப்பிட்டு 2008-ல் சொன்னார்கள்: எடை மிகக் குறைந்து பிறந்த பத்தில் ஒரு பங்கினருக்கு டயாலிசிஸ் அளவுக்குச் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு 1.7 மடங்கு. இதைப் படித்து எந்தத் தாயும் பதறக் கூடாது. அந்த நாட்டில் இருபது லட்சம் பேரைப் பார்த்ததில் அந்த நிலைக்குப் போனவர்கள் சில நூறு பேர்தான். மிகச் சிறிய எண் 1.7 மடங்கானாலும் சிறிய எண்தான். ஆனால் நம் நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கிறது. அதோடு சர்க்கரையும் உப்பும் சேரும்போது கணக்கு வேறு.

இனி பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளப் போகும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிலோ எழுநூறு கிராமில் பிறந்த பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோனதும் வீட்டில் ஒரே லட்சியம்தான்: தேற்ற வேண்டும். பால் பவுடர், சர்க்கரை போட்ட கூழ், நெய், பிறகு பிஸ்கட். இரண்டு வயதில் கன்னம் உப்பிப் பிள்ளை வந்து நின்றால் எங்களுக்கும் மனசு நிறையும். "எங்க கையில எப்படி இருந்தான், இப்ப பாருங்க" என்று நாங்களே தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுத்திருக்கிறோம். முதல் மாதங்களில் எடை ஏறுவது தேவை, மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. வினை, இரண்டு வயதுக்குப் பிறகு உயரத்தை மீறி ஏறும் எடையில் இருக்கிறது. ஹெல்சிங்கியில் 1934-லிருந்து 1944 வரை பிறந்தவர்களை ஆராய்ந்ததில் இதுதான் தெரிந்தது. பிறப்பில் சின்னதாக இருந்து, இரண்டு வயதில் ஒல்லியாக இருந்து, பிறகு வேகமாகப் பருத்தவர்களுக்கே இதயநோய் அதிகம்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். அங்கே சராசரி எடை 2.7 கிலோ அளவு, இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ. தசை, வயிற்றுறுப்பு எல்லாம் அந்த விகிதத்தில் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகச் சிறுக்கவில்லை. ஒல்லியாகத் தெரியும் நம் பிள்ளை உண்மையில் ஒல்லி இல்லை. அதற்கு மேல் கொழுப்பை ஏற்றுவது யாருக்கு நல்லது?

எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பால்தான் ஏற்ற உணவு. எடை மெதுவாக ஏறுகிறதே என்று அதை நிறுத்துபவர்கள் அதிகம். குறைமாதத்தில் பிறந்து தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் பிரஷர் குறைவாக இருந்ததை இங்கிலாந்தில் கண்டிருக்கிறார்கள். வளர்ச்சி குன்றிப் பிறந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்கு இதய உருமாற்றமும் குறைவு என்று அதே பார்சிலோனா குழு பிறகு சொன்னது. மாத்திரை இல்லாத மருத்துவம் என்றால் இதுதான்.

பிள்ளைக்குப் பிரஷரா என்று சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் உட்பட. மூன்று வயதிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும், எடை குறைந்தோ ரொம்பவும் மாதம் முந்தியோ பிறந்த பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். இங்கே முதல் தடை, பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் கஃப். பல இடங்களில் பெரியவர்கள் கஃப் ஒன்றுதான் இருக்கும். அதை நான்கு வயதுப் பிள்ளைக்குச் சுற்றினால் மேற்கை முழுவதையும் மூடிவிடும், அளவு குறைத்துக் காட்டும். 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். கையின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கைக் காற்றுப்பை சுற்றி வர வேண்டும். அகலம் சுற்றளவில் ஐந்தில் இரண்டு பங்கு இருந்தால் போதும். அழுகிற பிள்ளைக்குப் பார்த்துப் பயனில்லை. அம்மா மடியில் உட்கார வைத்து, வலது கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கிக்கொண்டு, ஐந்து நிமிடம் கதை பேச வேண்டும். முதலில் அம்மா கையில் கட்டிக் காட்டினால் பாதிப் பிள்ளைகள் தாமே கையை நீட்டிவிடும். ஓ.பி. நெரிசலில் அந்த ஐந்து நிமிடம் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அதற்குக் குறைந்து செய்தால் செய்யாமல் இருப்பதே மேல். தப்பான நார்மல், பார்க்காததைவிட ஆபத்து.

அம்மாக்களை நாம் மறந்துவிடுகிறோம். கர்ப்பத்தில் கொதிப்பு வந்தவர்களுக்கும், வளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு கூடுதல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு வரும்போது அந்த அம்மாவின் கையிலும் ஒரு கஃப் கட்டிவிட்டால் என்ன குறைந்துவிடும்? எடை குறைந்து பிறந்த பெண் குழந்தை வளர்ந்து கர்ப்பமானால் அவளுக்குக் கொதிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. அவளுடைய முதல் பரிசோதனையிலேயே அது தெரிந்திருந்தால், தேவைப்பட்டால் 12-வது வாரம் கடந்ததும் டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கலாம். அதற்கு அவளுடைய பிறந்த எடை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவள் எத்தனை பேர்?

ஆகவே படிப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். உங்கள் பிள்ளையின் தாய் சேய் நல அட்டையைத் தடுப்பூசி முடிந்ததும் தூக்கிப் போடாதீர்கள். பிறந்த எடையையும் எத்தனையாவது வாரம் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். 34 வாரத்தில் 2 கிலோ என்பது இயல்பு, 39 வாரத்தில் 2 கிலோ என்பது வளர்ச்சித் தடை. பிள்ளை வளர்ந்ததும் இரண்டு எண்ணையும் அவனிடமே, அவளிடமே சொல்லுங்கள். இப்படிப் பிறந்தவர்கள் உப்பைக் குறைக்கட்டும், மருந்துக்கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிப் போடாமல் இருக்கட்டும், வருடத்துக்கு ஒருமுறை பிரஷரும் சிறுநீரில் புரதமும் பார்க்கட்டும். இரண்டுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லை. புரதம் கசியத் தொடங்கும்போதே பிடித்துவிட்டால், டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடும் மாத்திரைகள் இருக்கின்றன. சிலருக்கு அது வராமலேயே போகும். டாக்டர்களுக்கும் என் சக செவிலியர்களுக்கும் ஒன்றே ஒன்று: கேஸ் ஷீட்டில் புகை, மது என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் பிறந்த எடைக்கும் ஒரு கட்டம் போடுங்கள். கேட்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.